சாம்பல் கிண்ணத்துக்குள் ஒரு டைப்-சி

என் காரில் சிகரெட் பற்றவைக்க வசதி இருக்கிறது, சாம்பல் தட்ட மூடி போட்ட கிண்ணம் இருக்கிறது, கேசட் போட்டுப் பாட்டுக் கேட்கலாம், ஹெட்லைட் வேண்டுமென்றால் தூங்கி எழுந்த தவளை மாதிரி இரண்டு கண்ணும் மேலே எழும்பி வரும். போனுக்கு சார்ஜ் போட மட்டும் வழி கிடையாது. 1991-ல் ஜப்பானில் விற்ற வண்டி. அதே வருஷம்தான் பின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் செல்போன் சேவையே ஆரம்பித்தது, அதனால் இந்த டாஷ்போர்டை வரைந்த மனுஷர்களைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

யூனோஸ் ரோட்ஸ்டர். இங்கே இங்கிலாந்தில் மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா, எல்லாம் ஒரே வண்டிதான். 1600 சிசி எஞ்சின், இரண்டு சீட், ஆயிரம் கிலோகூடத் தேறாத எடை. என்னுடையது வி-ஸ்பெஷல், அதாவது கரும்பச்சை பெயின்ட், பழுப்புத் தோல் சீட், நார்டி கம்பெனி மர ஸ்டியரிங், அதற்கு ஜோடியாக மரத்தில் கியர் நாப். யாரோ ஒருவர் ஜப்பானிலிருந்து கப்பலில் இறக்கி, இன்னும் இரண்டு பேர் கைமாறி என்னிடம் வந்தது. முந்தைய சொந்தக்காரர்கள் யாருமே டாஷ்போர்டில் கை வைக்கவில்லை, ஒரு ஓட்டை இல்லை, ஒரு ஸ்டிக்கர் அடையாளம் இல்லை. அதனால் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்: சார்ஜர் வரட்டும், ஆனால் வந்தது தெரியக் கூடாது, நாளைக்கே வேண்டாம் என்று தோன்றினால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட முடிய வேண்டும்.

‘லைட்டர் சாக்கெட்டில் பத்து பவுண்டு அடாப்டரைச் செருகினால் முடிந்தது, இதற்கு ஒரு பதிவா’ என்று நீங்கள் நினைப்பது கேட்கிறது. செருகினேன். ஒரு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். அந்த சாக்கெட் ஒரு பிளக்கைப் பிடித்துக்கொள்வதற்காகச் செய்ததே இல்லை என்பதுதான் பிரச்சினை. பழுக்கக் காய்ந்த ஒரு சுருளைப் பிடித்து வைத்து, சூடானதும் டக்கென்று வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. அதில் போய் அடாப்டரை வைத்தால், நடுவில் ஒரு ஸ்ப்ரிங் முனை, ஓரத்தில் இரண்டு தகடு, அவ்வளவுதான் பிடிப்பு. நம் வண்டி சாலையில் கிடக்கும் ஒரு நாணயத்தைக்கூட முதுகெலும்புக்குச் சொல்லிவிடுகிற வண்டி. ஒவ்வொரு குழிக்கும் அடாப்டர் கொஞ்சம் வெளியே வரும், போன் ‘டிங்’ என்று சொல்லும், மறுபடி அழுத்துவேன், அடுத்த ரவுண்டானாவில் மறுபடி ‘டிங்’. வயர் போய் கியர் நாப்பைச் சுற்றிக்கொள்ளும். இந்த நாட்டில் 2022 மார்ச் 25-லிருந்து ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தாலே 200 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 பாயிண்ட். அப்படியிருக்க, சார்ஜ் ஏறுகிறதா இல்லையா என்று போனைத் தடவிக்கொண்டே ஓட்டுவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

இன்னொன்று. அந்தப் பழைய அடாப்டரில் போட்டால் சார்ஜ் ஏறவே ஏறாது. பச்சை அடையாளம் காட்டும், மின்னல் குறி இருக்கும், ஆனால் வேல்ஸ் பக்கம் மலைப்பாதையில் மேப் போட்டு ஓட்டிய ஒரு நாள், கிளம்பும்போது 60 சதவீதம் இருந்த போன் போய்ச் சேரும்போது 41. ஆரம்பகால யுஎஸ்பியின் கணக்கு 5 வோல்ட், அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். வெயிலுக்காகத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஜிபிஎஸ்ஸும் ஓடினால் போன் அதைவிட அதிகமாகவே குடிக்கும். ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதை. இப்போதைய டைப்-சி சார்ஜர்கள் போனோடு முதலில் பேசிப் பார்க்கின்றன, ‘உனக்கு 9 வோல்ட் ஒத்துக்கொள்ளுமா?’ என்று கேட்டு, சரி என்றால்தான் ஏற்றுகின்றன. ஆக வேண்டியது, இப்படிப் பேசிப் பார்க்கிற ‘பவர் டெலிவரி’ (பி.டி.) ரகத்தில் ஒரு ஒழுங்கான சார்ஜர், அதுவும் நிரந்தரமாக வயரிங் செய்தது.

இடம் எது என்று ரொம்ப யோசிக்கவில்லை. நான் சிகரெட் பிடிப்பதில்லை, என் காரில் வேறு யாரும் பிடிக்கவும் விடமாட்டேன், அப்புறம் எதற்கு அந்தச் சாம்பல் கிண்ணம்? கியருக்குப் பக்கத்திலேயே, மூடியோடு, கச்சிதமாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் சார்ஜர், மூடினால் 1991. லைட்டரைத் தொடவில்லை, அது இன்றும் வேலை செய்கிறது. சில சமயம் சும்மா அழுத்திவிட்டு, அது ‘டக்’ என்று வெளியே வருவதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். கிண்ணத்தின் தகரத்தைக் கழுவி, பேப்பரில் சுற்றி, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினேன்: இரண்டு போர்ட், நடுவில் நீல எழுத்தில் வோல்ட் காட்டும் மீட்டர், மேலே பெரிதாக வாட் கணக்கு. இரண்டு சீட்டுக்கும் நடுவே கியரைச் சுற்றி இருக்கும் கன்சோலைக் கழற்றினேன். மர நாப்பைத் திருகி எடுத்து, நாலைந்து ஸ்க்ரூ, கொஞ்சம் பிளாஸ்டிக் முனகல், கன்சோல் கையோடு வந்துவிட்டது. ரேடியோவுக்குப் பின்னால் எப்போதும் மின்சாரம் இருக்கும் ஒரு வயர் உண்டு, சாவி எடுத்தாலும் ரேடியோ ஸ்டேஷன்களை மறக்காமல் இருப்பதற்காக. கைக்கு எட்டியது அதுதான். அதில் ஒரு ப்ளூ கலர் கிளிப்பைக் கடித்து, சார்ஜரைக் கோர்த்துவிட்டேன். சாவி இல்லாமலே சார்ஜ் ஏறும், எவ்வளவு வசதி என்று எனக்கே ஒரு பெருமை வேறு.

அது நவம்பர். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் வண்டியை வெளியே எடுக்கவில்லை, உப்பு போட்ட சாலையில் இந்தத் தலைமுறை எம்எக்ஸ்-5-ஐ ஓட்டினால் கதவுக்குக் கீழே இருக்கும் தகடுதான் முதலில் துருப்பிடித்துப் போகும். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை. அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன்: போன் எதுவும் மாட்டாமலே அந்த நீல மீட்டரும் காரின் 12 வோல்ட்டை போனுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற உள்ளே இருக்கும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 18 மில்லி ஆம்பியர் தின்றுகொண்டிருந்தன. கேட்கச் சின்ன எண். ஒரு நாளைக்கு 0.43 ஆம்பியர்-மணி, அறுபது நாளைக்கு 26. இந்தக் காரில் எடை முன்னும் பின்னும் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக பேட்டரியை டிக்கியில் வைத்திருக்கிறார்கள், அதுவும் சின்ன சீல் செய்த பேட்டரி, மொத்தமே முப்பது சொச்சம் ஆம்பியர்-மணிதான். மிச்சம் என்ன இருக்கும்? அடியோடு காலியாகிக் கிடந்த பேட்டரி பிறகு தேறவே இல்லை. பத்து பவுண்டு சார்ஜர் நூறு பவுண்டுக்கு மேல் வேட்டு வைத்தது.

லண்டனில் ஹாரோ பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன் இருக்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருஷமாக இந்த ஊரில் கார் வயரோடு மல்லுக்கட்டுகிறவர். புது பேட்டரியோடு அவரிடம் போய் என் கைவேலையைக் காட்டினேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கன்சோலுக்குள் எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் டார்ச்சை எடுத்துவிட்டு,

“தம்பி, உந்த வயருக்கு ஃபியூஸ் எங்க போட்டனீங்கள்?” என்றார்.

“ரேடியோவுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கே அண்ணே.”

“அது ரேடியோ வயருக்கு. நீங்கள் போட்டது தலைமயிர் போல வயர். கார் எரிஞ்சு போனாப் பிறகு போன் நூறு வீதம் சார்ஜ் ஆகி என்ன செய்யிறது?”

ஃபியூஸ் என்பது போனைக் காப்பாற்றவோ சார்ஜரைக் காப்பாற்றவோ இல்லை, வயரைக் காப்பாற்ற என்று அன்றைக்குத்தான் உறைத்தது. காரின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பது 15 ஆம்பியர் ஃபியூஸ் என்று வையுங்கள், நான் அதிலிருந்து கிளை பிரித்துப் போட்ட மெல்லிய வயர் 5 ஆம்பியருக்கு மேல் தாங்காது என்றால், எங்காவது உரசி ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போவதற்குள் வயர் பழுத்துவிடும். அதனால் கிளை பிரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், சின்னதாகத் தனி ஃபியூஸ். அந்த ப்ளூ கிளிப்பையும் அவர் பிடுங்கித் தூர எறிந்தார். அது வயரின் தோலை ஒரு கத்தியால் கிழித்து உள்ளே இருக்கும் செம்பைத் தொடுகிற வகை. பழைய வயரில் இழைகள் அறுந்து, ஈரம் ஏறி, பச்சை பூத்துவிடும், கூரையைத் திறந்து வைத்து மழையில் மாட்டுகிற வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

இரண்டாவது முறை நிதானமாகச் செய்தேன்.

மின்சாரம் எடுத்தது லைட்டர் வயரிலிருந்து. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், சாவி இல்லாதபோது சுத்தமாகப் பூஜ்ஜியம், சாவியை முதல் நிலைக்குத் திருப்பினால் 12.4, எஞ்சின் ஓடும்போது 14.1. கார் தூங்கினால் இதுவும் தூங்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த ஒரு நொடி மட்டும் இந்த வயரில் மின்சாரம் போய் வருகிறது, போன் இரண்டு முறை ‘டிங்’ என்னும், போகட்டும். லைட்டரின் பின்பக்கம் ஏற்கெனவே ஒரு பிளக் இருக்கிறதே, அதற்கும் லைட்டருக்கும் நடுவில் கோர்க்கிற மாதிரி ஆண் முனை ஒன்று, பெண் முனை ஒன்று வைத்து ஒரு குட்டி இடைவயர் செய்தேன். காரின் சொந்த வயரில் ஒரு வெட்டு இல்லை. கழற்ற வேண்டுமென்றால் உருவி எடுத்துவிட்டுப் பழைய பிளக்கை நேராக மாட்டினால் தீர்ந்தது. முனைகளை இடுக்கியால் நசுக்கிப் பொருத்தி (கிரிம்ப்), மேலே சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சுருக்கி, எல்லாவற்றையும் துணி டேப்பால் சுற்றினேன். கருப்பு பிவிசி டேப் வேண்டாம், இரண்டு கோடை போனால் பசை உருகி அல்வா மாதிரி கையில் ஒட்டும்.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதில்தான் ரொம்ப நாள் போனது. 100 வாட் எல்லாம் இன்று சாதாரணமாகக் கிடைக்கிறது, லேப்டாப்புக்கே போடலாம். ஆசைதான். ஆனால் இந்த வண்டியின் நடு மேட்டுக்கு அடியில் கியர் பாக்ஸும் புகைபோக்கிக் குழாயும் ஓடுகின்றன, ஒரு மணி நேரம் ஓட்டினால் கன்சோல் முழுக்கக் கணகணவென்று இருக்கும், காலுறை காய வைக்கலாம். அந்தச் சூட்டின் மேல் ஒரு கன்வெர்ட்டர் தன் சூட்டையும் சேர்த்துக்கொண்டு மூடிய கிண்ணத்துக்குள் உட்கார வேண்டும். சரி, கன்வெர்ட்டரை க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் வைத்துவிட்டு போர்ட்டை மட்டும் கிண்ணத்துக்குக் கொண்டு வரலாமே என்று தோன்றும். பழைய யுஎஸ்பியில் அது நடக்கும். டைப்-சியில் போனும் சார்ஜரும் பேசிக்கொள்வதற்கென்று தனியாகக் கம்பி இருக்கிறது, நடுவில் எக்ஸ்டென்ஷன் வயரைப் போட்டு நீட்டுவதை அந்த விதிமுறையே ஏற்பதில்லை, பேச்சு எங்கே தடுமாறும் என்று சொல்ல முடியாது. அதனால் போர்ட்டும் சர்க்யூட்டும் ஒன்றாக இருக்கும் அலுமினிய உடம்புக்காரன் ஒன்றை எடுத்தேன். டைப்-சியில் 30 வாட், பக்கத்தில் பழைய ரகத்தில் 12 வாட். மொத்தம் 42, வீணாகும் சூட்டையும் சேர்த்தால் காரிலிருந்து 47 வாட் போல இழுக்கும், 12 வோல்ட்டில் நாலு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணன் கணக்குப்படி 5 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக உட்கார்ந்தது.

இரண்டாவது போர்ட் எதற்கு என்று வீட்டில் கேள்வி வந்தது. “ரெண்டு பேர் உட்கார்ற காருக்கு ரெண்டு சார்ஜரா? நீங்க ஓட்டும்போது உங்க போன் எதுக்கு?” என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் இரண்டாவது போர்ட் போனுக்கு இல்லை, கேசட்டுக்கு. ஆமாம். அசல் கேசட் பிளேயரைக் கழற்ற மனம் வரவில்லை, அதற்காக ப்ளூடூத் கேசட் ஒன்று வைத்திருக்கிறேன். பார்க்கக் கேசட், உள்ளே நாடாவுக்குப் பதிலாக ஒரு காந்தத் தலை, போனிலிருந்து வரும் பாட்டை பிளேயரின் தலைக்கு நேராக ஊதிவிடும். அதில் குட்டி பேட்டரி, அதற்கும் சார்ஜ் போட வேண்டும். இதில் ஒரு நல்லதும் உண்டு: போனிலிருந்து ரேடியோவுக்கு வயர் போட்டு, அதே போனுக்குக் காரிலிருந்தே சார்ஜும் போட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ங்ஙீஈஈ’ என்று, பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் பாட ஆரம்பிக்கும், எர்த் இரண்டு வழியில் சுற்றுவதால் வருவது. கேசட் வழியாக வரும்போது இடையில் வயரே இல்லை, காந்தம்தான், அந்தப் பாட்டு கேட்காது.

எஃப்எம்தான் என்னைப் படுத்தியது. அந்தக் காலத்து ஜப்பானிய ரேடியோவில் எஃப்எம் 76-லிருந்து 90 வரைதான் இருக்கும், அப்போது அங்கே அலைவரிசை அப்படி. பிபிசி ரேடியோ 4 இங்கே 92-க்கு மேல், அதனால் ஆன்டெனா வயரில் ஒரு பேண்ட் எக்ஸ்பாண்டர் மாட்டி அலைவரிசையைக் கீழே இறக்கித்தான் நான் கேட்பது. ஏற்கெனவே இப்படித் தட்டுத்தடுமாறி வரும் சிக்னல். முதல் மலிவு சார்ஜர் இருந்தபோது போனை மாட்டின உடனே செய்தி வாசிப்பவர் ஆஃப் ஆகி, அப்பளம் பொரிக்கிற சத்தம் வரும். கன்வெர்ட்டர் என்பது நொடிக்கு லட்சக்கணக்கான முறை சுவிட்சைப் போட்டு அணைக்கிற சாமான், உள்ளே வடிகட்ட இரண்டு பென்னி கஞ்சத்தனம் காட்டினால் அந்த இரைச்சல் முழுக்க வயரை ஏரியலாக வைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்காகப் பழைய முறைப்படி 7805 ரெகுலேட்டரை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு, நானே காலேஜ் நாட்களில் ஸ்கூட்டரில் செய்திருக்கிறேன். இரைச்சல் துளியும் இருக்காது, ஆனால் 14 வோல்ட்டை 5 ஆக்க மிச்சம் 9-ஐயும் சூடாகவே கொட்டும், ஒரு ஆம்பியருக்கு 9 வாட், விரலை வைத்தால் தோல் உரியும். புதுசில் அலுமினிய உடம்பு பாதியை அடக்கியது. மீதியை வயரில் மாட்டிய ஒரு ஃபெரைட் வளையம் அடக்கியது, வயரை அதில் மூன்று சுற்று சுற்றினேன், ஆன்டெனா வயரை இன்னொரு பக்கமாகத் தள்ளிக் கட்டினேன். இப்போது எடின்பரோ போகும் வழியில் சிக்னல் நலிந்த இடத்தில் மட்டும் லேசாக ஒரு சீறல். அது மலையின் தவறு என்று வைத்துக்கொள்கிறேன்.

கிண்ணத்துக்குள் உட்காரும் தட்டை ஒரு நண்பர் 3டி பிரிண்டரில் போட்டுக் கொடுத்தார். பிஎல்ஏ வேண்டாம், வெயிலில் நிற்கும் காருக்குள் அது வளைந்துவிடும் என்று ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் போட்டார். மூன்று தடவை அளவு தப்பியது. முதல் முறை மூடி மூடவில்லை. இரண்டாவது முறை மூடியது, வயரின் தலை இடித்துத் திறக்கவில்லை. மூன்றாவதில் போர்ட்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தோம், எல் மாதிரி வளைந்த முனை உள்ள வயரைப் போட்டால் மூடியை முக்கால்வாசி சாத்திவைக்க முடிகிறது. சார்ஜரில் ஒரு நீல எல்இடி, இரவில் கூரையைத் திறந்து ஓட்டும்போது கப்பல் கலங்கரை விளக்கம் மாதிரி அடித்தது. மனைவியின் கருப்பு நெயில் பாலிஷில் இரண்டு சொட்டு. கேட்காமல் எடுத்தது இன்னும் பேச்சாக இருக்கிறது.

வயர்லெஸ் சார்ஜிங்கும் யோசித்தேன். போன் வெயிலில் கிடக்கும் வண்டியில், சார்ஜரே போனைச் சூடாக்குவதும் சேர்ந்தால் பத்து நிமிஷத்தில் ‘போன் குளிரட்டும்’ என்று திரை அணைந்துவிடும், வேண்டாம். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன், விலை ஏறவில்லை.

போன வாரம் பழைய கார்க்காரர்கள் கூடும் ஒரு பப் வாசலில், வெள்ளை மீசைக்கார முதியவர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு எல்லாமே அசலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். லைட்டரைக்கூட அழுத்திக் காட்டினேன். திரும்பி வரும் வழியில் மூவாயிரம் ஆர்பிஎம் தொட்டதும் கிண்ணத்துக்குள்ளிருந்து ‘கிர்ர்ர்’ என்று ஒரு நடுக்கம், மூடியின் மேல் விரலை வைத்தால் நின்றுவிடுகிறது. தட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறது போல. கொஞ்சம் ஃபெல்ட் துணி வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை மழை இல்லையென்றால் ஒட்ட வேண்டும்.